எர்சீலியா மதினியின் மட்டிக் கூண்டு

என் நாத்தனார் எர்சீலியாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே தண்ணீரைக் கண்டாலும் சூடு பார்ப்பாள். குடிக்கவும் வேண்டாம், குளிக்கவும் வேண்டாம். சும்மா பார்த்தால் போதும் அவளுக்கு. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, தெர்மாமீட்டர் இருக்கும். என் மூத்த மகனுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று, பாதிரியார் அவன் தலையில் தண்ணீர் ஊற்றக் கையை எடுத்த நேரத்தில், "ஒரு நிமிஷம் ஃபாதர்" என்று குறுக்கே புகுந்து, தொட்டிக்குள் விட்டுப் பார்த்து, "பதினாலுதான் இருக்கு. புள்ளைக்குச் சளி புடிச்சுக்கும்" என்று அறிவித்தவள் அவள். கோயிலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பெற்றவள் நான், புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றவள் நான், பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்தது அவளை.

ஊரில் அவளிடம் படிக்காதவர்கள் குறைவு. அறிவியல் டீச்சர். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் பாதரசம். அது அவளுக்குத் தெரியும், அவளுக்கு அதில் பெருமைதான். நடுவில் ஒரு நேவிக்காரரைக் கட்டிக்கொண்டு வடக்கே லா ஸ்பெத்ஸியா துறைமுகத்துக்குப் போனாள். இரண்டு வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். அடித்தாரா, குடித்தாரா, வேறு யாராவது இருந்தாளா என்று தெருவே கேட்டது. "நல்ல மனுஷன்தான். ஆனா எப்பவும் ஒரே சூடு. ஏறவும் மாட்டாரு, இறங்கவும் மாட்டாரு" என்றாள். அத்தோடு தெரு கலைந்துபோனது.

அன்றிலிருந்து எங்கள் மாடியில்தான் இருக்கிறாள். கீழே நானும் என் புருஷன் எஜிதியோவும். எஜிதியோ அவளுக்குத் தம்பி. அவர்கள் அப்பா, தாத்தா, அதற்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோருமே ஊருக்குள் புகுந்து கிடக்கிற சின்னக் கடலில் சிப்பி வளர்த்தவர்கள். எஜிதியோவும் வளர்க்கிறான், நான் சந்தையில் விற்கிறேன். எங்கள் கலெயோனே வீட்டுச் சிப்பி என்றால் இந்தத் தாரந்தோ ஊரில் யாரும் மூடியைத் திறந்து பார்த்து வாங்க மாட்டார்கள். அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்வதைவிட எஜிதியோ ஒரு கையை வெட்டிக்கொள்வான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்த கூத்துக்குக் காரணமே அதுதான்.

மதினி லீவு நாட்களில் மற்ற டீச்சர்களைப் போல மலைக்குப் போகமாட்டாள். ஊருக்கு வெளியே, திறந்து கிடக்கிற பெரிய கடல் பக்கம் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. ஈஸ்டர் திங்கட்கிழமை நாங்கள் எல்லோரும் இறைச்சி சுடப் போகிற இடம். அந்தத் திட்டு முழுக்கப் பழைய காலத்துச் சங்கும் மட்டியும் புதைந்து கிடக்கின்றன. ஒன்றேகால் லட்சம் வருடத்துக்கு முன்னால் கடல் அதன் மேலே இருந்ததாம். இப்போது வெயில் கொளுத்துகிற செனகல் பக்கம் மட்டும் வாழ்கிற ஒரு பெரிய சங்கு, அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கடலுக்கு வந்து குடும்பம் நடத்தியிருக்கிறது. அப்படியென்றால் கடல் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும்? இதுதான் மதினியின் கேள்வி. ஏழெட்டு வருடமாக அவள் சோறு தண்ணீர் எல்லாம் இந்தக் கேள்விதான்.

அதைக் கண்டுபிடிக்கிற வழியை நான் சிப்பி கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியே எனக்குப் பாடமாக்கிவிட்டாள். மட்டியின் ஓடு வரி வரியாக வளரும். கோடையில் ஒரு வரி, குளிரில் ஒரு வரி. பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு பொடி டிரில்லை வைத்து ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் தூள் எடுப்பாள். அந்தத் தூளில் இருக்கிற ஆக்சிஜனில் கனமானது, லேசானது என்று இரண்டு சாதி. தண்ணீர் குளிர்ந்தால் கனமானது அதிகமாக ஓட்டில் ஏறும்; சூடானால் லேசானது. எது எவ்வளவு என்று மெஷின் எண்ணிச் சொன்னால், மட்டி உயிரோடு இருந்தபோது தண்ணீர் எத்தனை டிகிரி என்று கணக்குப் போட்டுவிடலாம்.

"ஒரே ஒரு தொல்லைதான் நுன்சியா. மழைத்தண்ணி, ஊத்துத்தண்ணி எல்லாம் லேசான சாதி. அது கடல்ல கலந்துட்டா, குளிர்ல வளந்த மட்டிகூட நான் சூட்டுல வளந்தேன்னு பொய் சொல்லும்."

"மட்டியுமா பொய் சொல்லுது? நல்ல ஊருதான் போங்க" என்றேன் நான்.

எங்களுக்குப் பக்கத்து நகரமான பாரியில் பேராசிரியர் லஃபோர்ஜா ஒரு பெரிய வரைபடம் தயார் செய்துகொண்டிருந்தார். ஸ்பெயினிலிருந்து கிரேக்கம் வரை, கரையோரத்து ஊர் ஒவ்வொன்றிலும் அந்தப் பழைய கடல் எவ்வளவு சூடு என்று காட்டுகிற படம். நம்புகிற மாதிரிக் கணக்கு இருக்கிற ஊருக்கு நிறப் புள்ளியும் எண்ணும். கணக்கு இல்லாத ஊருக்கு வெறும் வெள்ளை வட்டம். தாரந்தோ மதினியின் பொறுப்பு. அவள் திட்டிலிருந்து மட்டிகளை எடுத்து, தூளாக்கி, பாரிக்கு அனுப்பினாள். வந்த பதில் கோடையில் முப்பத்தைந்து, குளிர்காலத்தில் முப்பத்திரண்டு.

"டீச்சர், இது கடல் இல்ல, சூப்பு" என்று போனில் சொன்னாராம் லஃபோர்ஜா. நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார். மட்டி மண்ணுக்குள் கிடந்து கெட்டிருக்கும், அல்லது தூள் எடுக்கும்போது எங்கோ தப்பு நடந்திருக்கும் என்றார். இதை வைத்துக்கொண்டு எண் போட முடியாது, வெள்ளை வட்டம்தான்.

மதினி விடுகிற ஆளா? "ஓடு பளபளன்னு இருக்கு, புரொபசர். என் கையிலயும் தப்பு இல்ல. நிரூபிக்கிறேன்" என்றாள். நிரூபிக்கிற வழியையும் அவளே சொன்னாள். அதே சாதி மட்டி இன்றைக்கும் எங்கள் கடலில் இருக்கிறது. சொரசொரப்பான ஓடு, பச்சையாக எலுமிச்சை பிழிந்து வாயில் போட்டால் கண் சொருகும். குட்டி மட்டிகளை ஒரு கூண்டில் போட்டுச் சின்னக் கடலில் ஒரு வருடம் வளர்ப்பது. பக்கத்திலேயே தானாகப் பதிவு செய்கிற தெர்மாமீட்டரைக் கட்டிவிடுவது. பிறகு மட்டியின் ஓடு சொல்வதும் தெர்மாமீட்டர் சொல்வதும் ஒத்துப்போனால் அவள் வேலையில் பழுதில்லை என்று ஆகும். லஃபோர்ஜா ஒப்புக்கொண்டார். இன்னும் ஒரு வருடம் வரைபடத்தை மூடாமல் வைத்திருக்கிறேன் என்றார்.

தாரந்தோவுக்கு வெள்ளை வட்டம் என்றால் உங்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது. செனகல் சங்கு எங்கள் திட்டில் கொத்துக் கொத்தாகக் கிடக்க, கணக்கு மட்டும் ஊர் பேர் தெரியாத தீவுகளுக்கா? அதுவும் படம் போடுகிறவர் பாரிக்காரர்! கால்பந்தில் அவர்களிடம் தோற்றதையே நான் இன்னும் மறக்கவில்லை.

கூண்டை எஜிதியோவிடம் ஒப்படைத்தாள். சின்னக் கடலின் அடியில் அங்கங்கே ஊற்று பொங்கும். சித்ரோ என்போம். தரைக்கு அடியிலிருந்து நல்ல தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்து கடலில் வட்டம் போடும். மதினி படகிலேயே கூட வந்து, எல்லாச் சித்ரோவுக்கும் எட்டத்தில் ஒரு கம்பத்தைக் காட்டினாள்.

"இதுலதான் கட்டணும். வேற எங்கயும் கிடையாது. புரிஞ்சுதாடா?"

"புரிஞ்சுது அக்கா. நான் என்ன உன் ஸ்கூல் பையனா?"

"ஸ்கூல் பையன்னா ரெண்டு தடவை சொல்லுவேன். நீ தம்பி, நாலு தடவை சொல்லணும்."

அந்த வருடம் முழுக்க மதினி மாடி ஜன்னலிலிருந்து சின்னக் கடலைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிள்ளையை வெளியூருக்குப் படிக்க அனுப்பிய தாய் அப்படித்தான் பார்ப்பாள். எஜிதியோவும் தினம் சாப்பாட்டு மேசையில் அறிக்கை கொடுப்பான். "மட்டி நல்லாயிருக்கு அக்கா. குண்டு குண்டா இருக்கு." மதினிக்கு முகம் மலர்ந்துவிடும். குண்டாக இருப்பதற்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சிப்பிக்காரன் மகள் இல்லையா?

வருடம் முடிந்தது. எஜிதியோ கூண்டிலிருந்து பாதி மட்டியை எடுத்து, தெர்மாமீட்டரையும் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தான்; மதினி அவற்றோடு பாரிக்குப் போனாள். திரும்பி வந்தபோது படிக்கட்டில் அவள் காலடியைக் கேட்டே எனக்குத் தெரிந்துவிட்டது. கனமாக ஏறினாள். கதவைத் திறந்துவிட்டு, "என்ன மதினி?" என்றேன்.

"ஒத்துப்போகல."

"கொஞ்சம்கூடவா?"

"தெர்மாமீட்டர் கோடைக்கு இருபத்தெட்டுன்னு சொல்லுது. மட்டி முப்பதைத் தாண்டிச் சொல்லுது. குளிர்காலத்துக்குப் பதினொண்ணுன்னு தெர்மாமீட்டர் சொன்னா, மட்டி இருபத்தேழுங்குது. அவரு சொன்னதுதான் சரி நுன்சியா. எங்கயோ என் கைதான் தப்பு பண்ணுது."

நான் அவளை அடுப்படியில் உட்கார வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் அதைச் சூடு பார்க்கவில்லை. அப்படியே குடித்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை, ஆனால் அந்தப் பழக்கம் இல்லாத எர்சீலியாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அடுத்த இரண்டு வாரம் அவள் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், தூங்கினாள். எஜிதியோ கதை சொல்லிப் பார்த்தான், நான் சண்டை போட்டுப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை.

எங்கள் ஊரைக் காக்கிற புனிதர் சான் கத்தால்தோவின் திருவிழாவுக்கு முந்தின வாரம் லஃபோர்ஜா போன் செய்தார். முடிவை நேரிலேயே வந்து சொல்கிறேன் என்றார். முடிவு என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் நேரில் வந்து சொல்ல நினைத்தாரே, அதற்காக அவரைக் கொஞ்சம் மன்னித்தேன். "சாப்பிட இங்கதான் வரணும்" என்று நானே போனைப் பிடுங்கிச் சொன்னேன். பாரிக்காரர் எங்களுக்கு வெள்ளை வட்டம் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் எங்கள் சாப்பாட்டை வாழ்நாளில் மறக்கக்கூடாது. அது என் கணக்கு.

அன்று நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சிப்பி போட்ட குட்டிக் குழல் பாஸ்தா, மிளகு தூவி அவித்த சிப்பி, அரிசியும் உருளைக்கிழங்கும் சிப்பியும் அடுக்கிச் சுட்டது, பிரிமித்திவோ வைன். முதலில் பச்சையாகச் சாப்பிட எதையாவது எஜிதியோ கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். மேசை விரிப்புக்குப் பழைய வழக்கப்படி வெள்ளைக் காகிதம்தான். லஃபோர்ஜா உயரமான மனிதர், கழுத்தில் டை, காலில் மினுங்குகிற தோல் ஷூ. மதினி அவர் எதிரே கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

எஜிதியோ பெரிய தட்டில் ஐஸ் பரப்பி, அதன் மேலே திறந்த மட்டிகளை அடுக்கிக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். ஒவ்வொன்றும் கை நிறைய இருந்தது.

லஃபோர்ஜா ஒன்றை எடுத்து எலுமிச்சை பிழிந்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுக்கும்போதுதான் பேச்சே வந்தது.

"இப்படி ஒரு மட்டி நான் சாப்பிட்டதே இல்லைங்க. தித்திக்குதே! எங்க புடிச்சீங்க?"

என் புருஷனுக்கு மார்பு விரிந்தது. "புடிக்கலைங்க, வளத்தேன். ஒரு வருஷம் கண்ணுல வச்சு வளத்தது. சித்ரோவுக்குப் பக்கத்துல கட்டி வளத்தா இப்படித்தான் தித்திக்கும். நம்ம வீட்டுச் சரக்கு சும்மாவா?"

மதினி கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எஜிதியோ, எது இந்த மட்டி?"

"கூண்டுல மிச்சம் இருந்ததுதான் அக்கா. உனக்குத்தான் இனிமே வேண்டாமே. வீணாக்குவானேன்னு..."

"நான் கூண்டைக் கம்பத்துலல்ல கட்டச் சொன்னேன்?"

எஜிதியோ முதலில் என்னைப் பார்த்தான், பிறகு வைனைப் பார்த்தான்.

"கம்பத்துலதான் கட்டுனேன். ஒரு மாசம் இருந்துச்சு. போய்ப் பாத்தா, வத்தலும் தொத்தலுமா இருக்கு எல்லாம். ஒவ்வொண்ணும் என்னைப் பாத்து அழுவுது. கலெயோனே வீட்டுக் கூண்டுன்னு பேரு எழுதியிருக்கு. போற வர்ற படகுக்காரன் எல்லாம் எட்டிப் பாக்கறான். மானம் போவுது அக்கா! அதான் சித்ரோ பக்கம் மாத்திட்டேன். ஒரே வாரத்துல எப்படி தேறிச்சு தெரியுமா?"

"தெர்மாமீட்டர்?"

"அதைக் கம்பத்துலயே விட்டுட்டேன். அதை எதுக்கு மாத்தணும்? அது என்ன கொழுக்கவா போவுது?"

மதினி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கையில் பாதி எலுமிச்சை. அதை எறிந்தாள். தம்பி குனிந்துகொண்டான், அது சுவரில் இருந்த சான் கத்தால்தோ படத்தில் பட்டுக் கீழே விழுந்தது. "ஒரு வருஷம்டா! ஒரு வருஷம் நான் ஜன்னல்ல நின்னேன்! மட்டி குண்டா இருக்குன்னு தினம் வந்து சொன்னியே, பாவி, எங்க இருக்குன்னு சொன்னியா?"

"நீ கேக்கவே இல்லியே!"

நான் குறுக்கே போய் நின்றேன். புருஷனைக் காப்பாற்ற அல்ல. அவன் பின்னால் என் கண்ணாடி அலமாரி இருந்தது. லஃபோர்ஜா கையில் மட்டியோடு அப்படியே உறைந்துபோயிருந்தார். தான் சாப்பிட்டது ஆராய்ச்சிப் பொருள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் மரியாதைக்காரர், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டார்.

மதினி இரண்டாவது எலுமிச்சையை எடுத்தாள். எறியப் போனவள், ஓங்கிய கையோடு நின்றுவிட்டாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். கோபம் அப்படியே இருக்கிறது, அதற்கு அடியிலிருந்து வேறு என்னவோ மேலே பொங்கி வருகிறது.

"புரொபசர், பேனா இருக்கா?"

அவர் கொடுத்தார். என் வெள்ளைக் காகித விரிப்பில், தட்டுகளை ஒதுக்கிவிட்டு ஒரு கோடு வரைந்தாள். "இது கூண்டு மட்டி. கோடையில இவ்வளவு, குளிர்ல இவ்வளவு. ரெண்டுமே ஜாஸ்தி. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் ரொம்பக் கம்மி. ஏன்? சித்ரோ தண்ணி வருஷம் பூரா ஒரே சூடு. அதனால கோடு மேடு பள்ளம் இல்லாம போவுது. நல்ல தண்ணி கலந்ததால மொத்தக் கோடும் பொய்யா மேல ஏறி நிக்குது."

லஃபோர்ஜாவின் கையிலிருந்து மட்டி தட்டில் விழுந்தது. அவரே இன்னொரு பேனாவை எடுத்து அதற்கு மேலே இரண்டாவது கோட்டை வரைந்தார். "இது உங்க திட்டு மட்டி. முப்பத்தஞ்சு, முப்பத்திரண்டு. அதே மாதிரி மேல. அதே மாதிரி தட்டை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் பேசினார்கள். "அங்கயும் ஒரு சித்ரோ இருந்திருக்கு!"

"திறந்த கடற்கரைன்னு நினைச்சு, ஊத்து இருக்கும்னு நான் யோசிக்கவே இல்ல" என்றாள் மதினி.

"நானும்தான் யோசிக்கல. மட்டி கெட்டுப்போச்சுன்னு சுலபமா சொல்லிட்டேன்" என்றார் அவர். "ஆனா டீச்சர், ரெண்டு கோடு ஒண்ணுபோல இருந்தா மட்டும் போதாது. அங்க நல்ல தண்ணி இருந்துச்சுன்னு வேற ஏதாவது சாட்சி வேணும்."

"மண்ணு!" என்று கத்தினாள் மதினி. "ஊத்துத்தண்ணி கலக்கற இடத்துல மட்டும் வாழற பொடி நத்தை இருக்குல்ல? அது மண்ணுல இருக்கும். நான் மண்ணைப் பாக்கவே இல்ல. மட்டியைப் பொறுக்கி, அங்கயே மூணு தண்ணியில கழுவி, சுத்தமா வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிப்பிக்காரன் மகளாச்சே, அழுக்கோட எப்படி வீட்டுக்குள்ள கொண்டுவருவேன்?"

எஜிதியோ மெதுவாகத் தலையைத் தூக்கி, "அப்போ நீயும் மானத்துக்குப் பாத்துதான் கெடுத்திருக்க" என்றான். இரண்டாவது எலுமிச்சை அவன் நெற்றியில் சரியாகப் பட்டது.

பாஸ்தா ஆறிப்போகிறது என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? "மொதல்ல தின்னுட்டுப் போங்க!" என்று கதவை மறித்துக்கொண்டு நின்றேன். நின்றபடியே தின்றார்கள். லஃபோர்ஜா வாயில் பாஸ்தாவோடு, "இது அற்புதம் சிஞ்ஞோரா, அற்புதம்" என்றார். அவர் எதைச் சொன்னார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. என் பாஸ்தாவைத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் படகில் சித்ரோவுக்குப் போனோம். எஜிதியோ கயிற்றை இழுத்துக் காலிக் கூண்டைத் தூக்கிக் காட்டினான். மதினி தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டாள். "பதினெட்டு!" என்று அவள் சொன்ன குரலில் இரண்டு வாரம் காணாமல் போன எர்சீலியா திரும்பி வந்துவிட்டாள். லஃபோர்ஜாவை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்கச் சொன்னான் எஜிதியோ. அவர் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு குனிந்தார். "உப்பு பாதிகூட இல்லையே" என்றார். "அதான் தித்திப்பு" என்று எஜிதியோ அவர் முதுகில் தட்டினான். அவர் கொஞ்சம் விட்டால் கடலுக்குள் போயிருப்பார்.

பிறகு திட்டு. மண் சலிக்கச் சல்லடை வேண்டும் என்றார்கள். நான் வீட்டிலிருந்து எடுத்து வந்தது மாவு சலிக்கிற என் சல்லடை. என் அம்மா கொடுத்த சீர் அது. அதில் ஒன்றேகால் லட்சம் வருடத்து மண்ணைக் கொட்டிக் கடல் தண்ணீரில் ஆட்டினார்கள். "கிழிஞ்சுதுன்னா உங்க ரெண்டு பேர் தலையிலயும் கவுத்துருவேன்" என்றேன். பேராசிரியர் என்றும் பார்க்கவில்லை.

மண் கரைந்து போனது. சல்லடையில் மிளகு அளவில் என்னவோ மிஞ்சியது. மதினி மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தாள்.

"நுன்சியா, உன் கண்ணு நல்ல கண்ணு. இது என்ன சொல்லு."

நான் விரல் நுனியில் ஒட்டிப் பார்த்தேன். சுருள் சுருளாக, மகா சின்னதாக, அழகான நத்தை. ஒன்றல்ல, சல்லடை முழுக்க. "நத்தை மதினி!"

அவள் என்னைக் கட்டிப் பிடித்தாள். லஃபோர்ஜாவைக் கட்டிப் பிடித்தாள். தம்பியைக் கட்டிப் பிடித்து, அதே கையால் முதுகில் ஓர் அறையும் வைத்தாள். சிரித்தாள், அழுதாள், எனக்கும் அப்படியே. "என் கை தப்பு பண்ணல, பாத்தியா" என்றாள். அதைத்தான் அவள் இரண்டு வாரம் மனதுக்குள் போட்டு அரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. திட்டின் மறுகோடிக்குப் போய் அங்கும் மண் சலித்தார்கள். அங்கே பொடி நத்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் செனகல் சங்கு இருந்தது, மட்டியும் இருந்தது. ஊற்றுத் தண்ணீர் எட்டாத சுத்தக் கடல். அங்கிருந்து எடுத்த மட்டியை, இந்தத் தடவை மண்ணோடு, மதினி கோடை முழுக்கத் தூளாக்கினாள். லஃபோர்ஜா வரைபடத்தை மூடாமல் காத்திருந்தார். பாரிக்காரர்களிலும் இப்படி ஒருவர் உண்டு என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் மாதம், சனிக்கிழமை, சந்தையில் நல்ல கூட்டம். மதினி ஜனங்களை விலக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெட்டி மேல் ஏறி நின்றாள்.

"கோடையில இருபத்தொம்பது! குளிர்காலத்துல பதினேழுக்குக் கீழ இறங்கவே இல்ல! போட்டுட்டாங்க! நிறப் புள்ளி, எண்ணு, எல்லாம் போட்டுட்டாங்க!"

வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். ஒன்றும் புரியாமலே கை தட்டினார்கள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், "ஜனவரியில பதினேழா? அப்போ நான் லேட்டா பொறந்துட்டேன் டீச்சர்" என்றார். இன்னொருவர், "பாரிக்கு எவ்வளவு போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

"பாரிக்கு வெள்ளை வட்டம்" என்றாள் மதினி.

அப்போது எழுந்த சத்தம் கோல் விழுந்தால்கூட எழாது. நான் அன்று எடை பார்க்காமலே அள்ளி அள்ளிப் போட்டேன்.

கட்டுரை அச்சாகி வந்தபோது மதினி அதைச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்காகச் சொல்லிச் சொல்லிப் படித்தாள். ஓர் இடத்தில் குரலைத் தாழ்த்தி வேகமாக ஓட்டப் பார்த்தாள். எஜிதியோ விடவில்லை. கூண்டு ஏன் கம்பத்தில் இல்லை என்று உலகத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் அல்லவா? "வளர்ப்பவர், சுவையைக் கருதி, கூண்டை இடம் மாற்றினார்" என்று எழுதியிருந்தார்கள்.

"இன்னொரு தடவை படி" என்றான். படித்தாள். "சுவையைக் கருதின்னு போட்டிருக்கா? நிஜமாவா? அப்போ சரி." ஒரு வாய் வைன் குடித்தான். அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது. எங்கள் ஊரில் எத்தனையோ பேருக்குச் சிலை இருக்கிறது. ஆனால் அன்று என் புருஷனுக்கு இருந்த பெருமை எந்தச் சிலைக்கும் இருக்காது.

மதினி காகிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தாள். லஃபோர்ஜா அடுத்த வேலையை ஆரம்பிக்கிறாராம். புதுக் கூண்டு வேண்டும். அதே கம்பம்.

எஜிதியோ வைன் கிளாஸைக் கீழே வைத்தான். வத்தலும் தொத்தலுமாக ஒரு வருடம் முழுக்கக் கலெயோனே மட்டி ஊர் கண்ணில் படப் போவதை நினைத்து மனிதன் எவ்வளவு வேதனைப்பட்டான் என்பது பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத்தான் தெரியும். கடைசியில் பெருமூச்சு விட்டு, "சரி அக்கா. உனக்காகக் கட்டறேன். தொடவே மாட்டேன்" என்றான்.

சொன்னபடியே கட்டினான். கட்டிய மறுநாள் நானும் மதினியும் படகில் போய்ப் பார்த்தோம். கம்பத்தின் உச்சியில், போகிற வருகிற படகெல்லாம் படிக்கும்படி, பெரிய சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது.

"இந்த மட்டிகள் எங்கள் வீட்டுச் சரக்கு அல்ல. அறிவியலுக்காகப் பட்டினி கிடக்கின்றன."